ராத்திரி வானத்தை அளந்த வாத்தியார் – சிசிர் குமார் மித்ரா

சின்ன காஞ்சிபுரத்துல அறுபது வயசைத் தாண்டின நெசவாளர் யாரையாவது பார்த்தா, பழைய ரேடியோவைப் பத்திக் கேட்டுப் பாருங்க. தறிக்குப் பக்கத்துல பலகை மேல இருந்த பெட்டியைப் பத்தியோ, சுவத்து ஆணியில மாட்டியிருந்த டிரான்சிஸ்டரைப் பத்தியோ பேச்சு வரும். கை நாடாவைத் தள்ளும், கால் மிதியை மாத்தும், கண் பாவு மேலேயே இருக்கும். சும்மா இருந்தது காது மட்டும்தான். அந்தக் காதுக்குத்தான் ரேடியோ. பேச்சு அப்படியே போனா இலங்கை வானொலி கட்டாயம் வந்துடும்.

இங்கதான் நம்ம மாதிரி ஈசிஇ பசங்களுக்கு ஒரு கேள்வி. காஞ்சிபுரத்துல இருந்து கொழும்பு நேர்கோட்டுல சுமார் 650 கிலோமீட்டர். நடுவுல சேட்டிலைட் கிடையாது, ரிப்பீட்டர் கிடையாது, ஆப்டிகல் ஃபைபர் கிடையாது. இப்போ இருக்கிற ஒரு எஃப்எம் நிலையம் அறுபது, எழுபது கிலோமீட்டர் தாண்டினாலே இழுக்க ஆரம்பிக்குது. அப்போ அந்தப் பழைய ஏஎம் மட்டும் எப்படி அவ்வளவு தூரம் வந்தது? அதுவும் மத்திய அலையில பகல்ல மங்கலா கிடந்த தூரத்து நிலையம், விளக்கு வைக்கிற நேரம் தாண்டினதும் பக்கத்துத் தெருவுல இருந்து பேசுற மாதிரி எப்படிக் கேட்டது?

டிரான்ஸ்மிட்டர் பவர் அதிகம்னு ஒரு வரியில பதில் சொல்லிடலாம். ஆனா பகல்லயும் ராத்திரியிலயும் பவர் ஒண்ணுதான். அப்போ மாறினது எது? மாறினது வானம். அந்த வானத்தை நம்ம நாட்டுலயே உட்கார்ந்து அளந்து, உலகத்துக்கே அதைப் பத்திப் பாடப்புத்தகம் எழுதிக் கொடுத்த ஒருத்தர் இருந்தார். பேரு சிசிர் குமார் மித்ரா. நம்ம சிலபஸ்ல அவர் பேர் வராது. ஆனா நம்ம டிபார்ட்மென்ட் மாதிரி ஒண்ணு இந்த நாட்டுல உருவானதுக்கே அவர் ஒரு முக்கியக் காரணம்.

அம்மா சம்பளத்துல படிச்ச பையன்

மித்ராவின் குடும்பம் வங்காளத்தில், ஹூக்ளி மாவட்டத்துக் கொன்னகரைச் சேர்ந்தது. அவர் பிறந்தது 1890 அக்டோபர் 24. அப்பா ஜெயகிருஷ்ண மித்ரா பள்ளிக்கூட வாத்தியார். அம்மா சரத்குமாரி அந்தக் காலத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒரு காரியம் செய்தார். கல்யாணமாகி, குழந்தைகளும் இருந்த நிலையில், கல்கத்தாவில் கேம்பல் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து படித்தார். பெண்கள் வாசல் தாண்டுறதே பேச்சுக்கு இடமான காலம் அது. படிப்பை முடித்ததும் பாகல்பூரில் லேடி டஃபரின் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. குடும்பம் மொத்தமும் அம்மா வேலைக்காக ஊர் மாறியது. அப்பா அங்கே நகராட்சியில் கிளார்க் ஆனார்.

பின்னாடி அப்பா நோயில் விழுந்தபோது வீடு ஓடினது அம்மா சம்பளத்தில்தான். மகனைப் படிப்பை நிறுத்திட்டு வேலைக்குப் போகச் சொல்லியிருக்கலாம். அந்த அம்மா அதைச் செய்யவில்லை. பாகல்பூரில் தேஜ் நாராயண் ஜூபிலி கல்லூரியை முடித்த பையனைக் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிக்கு அனுப்பி வைத்தார்.

வானத்து மேல ஆசை சின்ன வயசுலயே இருந்தது. ராம்சந்திர சட்டர்ஜி என்பவர் பலூனில் ஏறிக் கல்கத்தாவுக்கு மேலே பறந்த கதை அந்தக் காலத்தில் வங்காளம் முழுக்கப் பிரபலம். அது சின்னப் பையன் மனசுல ஒட்டிக்கொண்டது. ஆனால் ஆராய்ச்சிதான் தன் வேலை என்று முடிவானது பிரசிடென்சியில் ஜகதீஷ் சந்திர போஸைப் பார்த்த பிறகு.

போஸ் யாருன்னு நமக்குத் தெரியும். 1895இல் கல்கத்தாவில், கம்பியே இல்லாமல், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மணியை அடிக்க வைத்தவர். கலீனா படிகத்தை வைத்து அலையைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியவர். பின்னாடி வந்த கிறிஸ்டல் ரேடியோக்களில் ஏஎம் அலையிலிருந்து பாட்டைப் பிரித்தெடுத்தது இதே வகைப் படிகம்தான். அவர் தன் கையால் செய்த கருவிகளை நேரில் பார்த்தது மித்ராவுக்குப் பெரிய விஷயம். வெளிநாட்டு லேப் இல்லாமலும் முதல் தரமான வேலை செய்யலாம் என்பதற்கு ஆதாரம் கண் முன்னாடியே நின்றது.

1912இல் எம்எஸ்சி முடித்தார், முதலிடத்தில். கொஞ்ச நாள் போஸிடம் ஆராய்ச்சி. ஆனால் வீட்டுக்குப் பணம் வேண்டும். அதனால் பாகல்பூருக்கே திரும்பி, படித்த கல்லூரியிலேயே லெக்சரர் வேலை. அப்புறம் பாங்குராவில் கிறிஸ்தவக் கல்லூரி. சின்ன ஊர், ஆராய்ச்சி வசதி கிடையாது. வகுப்பு எடுப்பது, காசு வாங்குவது, வீட்டுக்கு அனுப்புவது. பல பேருடைய கதை இந்த இடத்துலயே முடிஞ்சு போயிடும்.

ஒளியில் இருந்து ரேடியோவுக்கு

1916இல் அசுதோஷ் முகர்ஜி கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அறிவியல் கல்லூரியை வளர்த்துக்கொண்டிருந்தார். திறமையான இளைஞர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். மேகநாத் சாஹா, சத்யேந்திரநாத் போஸ் இவர்களோடு மித்ராவும் அங்கே சேர்ந்தார். அடுத்த வருஷம் நம்ம ஊர் சி. வி. ராமனும் பேராசிரியராக வந்து சேர்ந்தார். ராமன் வழிகாட்டுதலில் ஒளியின் குறுக்கீடு, விளிம்பு விலகல் பற்றி மித்ரா ஆராய்ந்தார். 1919இல் டிஎஸ்சி பட்டம் வாங்கினார்.

அடுத்து பாரிஸ். சார்லஸ் ஃபாப்ரியிடம் நிறமாலை ஆராய்ச்சி. ஃபாப்ரி–பெரோ இன்டர்ஃபெரோமீட்டர்னு நாம படிக்கிறோமே, அந்த ஃபாப்ரிதான். 1913இல் வளிமண்டலத்தில் ஓசோன் படலம் இருப்பதை ஹென்றி பியூசனுடன் சேர்ந்து காட்டியவரும் அவரே. 1923இல் மித்ராவுக்கு சோர்போனில் இன்னொரு டாக்டர் பட்டம். அதன் பிறகு கொஞ்ச காலம் மேரி கியூரியின் ரேடியம் நிலையத்திலும் இருந்தார்.

இந்த இடத்துல நிறுத்திப் பாருங்க. வயசு முப்பத்திரண்டு, முப்பத்து மூணு. ரெண்டு டாக்டர் பட்டம், ரெண்டுமே ஒளியியல்ல. ஊருக்குத் திரும்பினா அதே துறையில பேராசிரியரா உட்கார்ந்துடலாம். அவர் அப்படிச் செய்யாமல் நான்சி நகரத்துக்குப் போனார். அங்கே கமில் குட்டன் என்ற பேராசிரியர் ரேடியோ வால்வுகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். முதல் உலகப் போர் முடிந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. வால்வு புதுசு. ஒலிபரப்பு என்பதே அப்போதுதான் பிறந்திருந்தது. இந்தியாவில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் அது பாடமாக இல்லை. மித்ரா முதல்ல இருந்து கத்துக்க உட்கார்ந்தார். கல்கத்தாவில் வயர்லெஸ் பாடத்தையும் லேபையும் தொடங்க வேண்டும் என்று அங்கிருந்தே அசுதோஷ் முகர்ஜிக்குக் கடிதமும் எழுதினார்.

தெரிஞ்ச துறையை விட்டுட்டுத் தெரியாத துறைக்குப் போன மாதிரிதான் வெளியில தெரியும். ஆனா ராமன்கிட்ட கத்துக்கிட்ட குறுக்கீடு எங்கேயும் போகல. அது எங்க வேலைக்கு வந்துச்சுன்னு கொஞ்ச நேரத்துல பார்ப்போம்.

கல்கத்தாவில் ஒரு ஏஎம் நிலையம்

1923 கடைசியில் திரும்பி வந்தவர் கைரா பேராசிரியர் ஆனார். ரெண்டு வருஷத்துக்குள் எம்எஸ்சி இயற்பியலில் வயர்லெஸ் ஒரு சிறப்புப் பாடமானது. கூடவே லேப். லேப் இருந்தால் டிரான்ஸ்மிட்டர் வேண்டும். பல்கலைக்கழகக் கட்டடத்திலேயே ஒரு நிலையத்தை அமைத்தார்கள். அதன் அழைப்புக்குறி 2சிஸெட். அங்கிருந்து நிகழ்ச்சிகளையும் ஒலிபரப்பினார்கள். கல்கத்தாவில் ரேடியோ வைத்திருந்த கொஞ்சம் பேர் அதைக் கேட்டார்கள்.

அதே காலத்தில் நம்ம சென்னையிலும் இது நடந்தது. 1924 மே மாதம் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கியது. அதன் முதல் டிரான்ஸ்மிட்டர் வெறும் 40 வாட். ஒரு மேஜை ஃபேனைவிடக் கம்மி. பிறகு 200 வாட்டுக்குப் போனார்கள். பணம் பத்தாமல் 1927இல் கிளப் நின்றுபோக, டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சிக்குப் போனது. 1930 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது.

கல்கத்தாவில் 1927 ஆகஸ்ட் 26 அன்று இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியின் நிலையம் தொடங்கியது. மத்திய அலை, 1.5 கிலோவாட். ஜனங்களுக்கு அது பாட்டுப் பெட்டி. மித்ராவுக்கும் அவர் மாணவர்களுக்கும் தினமும் வானத்தில் ஒரே இடத்தில் இருந்து ஒரே அலைநீளத்தில் கிளம்புற சோதனை அலை.

குறை இல்லை, தகவல்

ராத்திரி ஏஎம் கேட்டவங்களுக்கு இது தெரியும். தூரத்து நிலையம் நல்லாக் கேட்டுக்கிட்டே இருக்கும். திடீர்னு பாட்டு அப்படியே கிணத்துக்குள்ள போற மாதிரி அமுங்கும். கொஞ்ச நேரத்துல தானா மேல வரும். இதுக்குப் பேரு ஃபேடிங். கேட்கிறவனுக்கு இது தொல்லை. பெட்டியை ஒரு தட்டு தட்டுவான், ஏரியல் கம்பியை இழுத்துப் பார்ப்பான். தப்பு பெட்டி மேல இல்ல.

1901இல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி சிக்னல் அனுப்பியபோதே கேள்வி எழுந்தது. அலை நேர்கோட்டில் போகும், பூமி உருண்டை, அப்புறம் எப்படி வளைந்து வந்தது? அடுத்த வருஷமே அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியாக ஒரு பதில் சொன்னார்கள். மேலே மின்சாரத்தைக் கடத்தக்கூடிய ஒரு அடுக்கு இருக்கிறது, அலை அதில் பட்டுத் திரும்புகிறது என்று. அது ஊகம்தான். நேரடியாக நிரூபிக்க 1924 டிசம்பர் வரை ஆனது. எட்வர்ட் ஆப்பிள்டன் பிபிசியின் போர்ன்மத் நிலையத்து அலையை ஆக்ஸ்ஃபோர்டில் வாங்கி அதை நிரூபித்தார். அந்தத் துறையில் செய்த வேலைக்காகப் பிற்பாடு 1947இல் நோபல் பரிசும் வாங்கினார்.

அந்த முறை ரொம்ப எளிமை. ரிசீவருக்கு ரெண்டு வழியில் அலை வருகிறது. ஒன்று தரையோடு. இன்னொன்று மேலே போய்த் திரும்பி. ரெண்டும் சேரும் இடத்தில் ஒன்றை ஒன்று கூட்டும், இல்லை குறைக்கும். டிரான்ஸ்மிட்டர் அதிர்வெண்ணை மெதுவாக மாற்றினால் ரிசீவரில் ஒலி ஏறும், இறங்கும். எத்தனை தடவை ஏறி இறங்கியது என்று எண்ணினால் ரெண்டு பாதைக்கும் உள்ள வித்தியாசம் கிடைத்துவிடும். உதாரணத்துக்கு, அதிர்வெண்ணை 10 கிலோஹெர்ட்ஸ் மாத்தும்போது ஏழு தடவை ஏறி இறங்குதுன்னு வைங்க. ஒளியின் வேகத்தை ஏழால பெருக்கி, 10,000ஆல வகுங்க. 210 கிலோமீட்டர். அலை கிட்டத்தட்ட நேரா மேல போய் நேரா கீழ வந்திருந்தா, அடுக்கு சுமார் 105 கிலோமீட்டர் உயரத்துல இருக்குன்னு அர்த்தம்.

இதுதானே குறுக்கீடு? ராமன்கிட்ட ஒளியில செஞ்சதும், ஃபாப்ரிகிட்ட செஞ்சதும் இதே கணக்குதான். அங்க அலைநீளம் மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குக்கும் குறைவு, இங்க நூத்துக்கணக்கான மீட்டர். அளவு மாறுச்சு, கணக்கு மாறல. 1930இல் மித்ராவும் அவர் மாணவர்களும் கல்கத்தா வானத்தில் ஈ அடுக்கு இருப்பதற்கான சோதனை ஆதாரத்தை எடுத்தார்கள். வெப்பமண்டலத்து வானத்தில் இந்த அளவீடுகள் ரொம்ப முக்கியம். இங்கிலாந்து வானமும் நம்ம வானமும் ஒன்றில்லை. இங்கே சூரியன் தலைக்கு மேலே நிற்கிறது. லண்டனில் எடுத்த கணக்கை வைத்துக்கொண்டு காஞ்சிபுரத்துக்கோ கல்கத்தாவுக்கோ ஒலிபரப்பைத் திட்டமிட முடியாது. 1932–33இல் நடந்த இரண்டாம் சர்வதேச துருவ ஆண்டின் அயனி மண்டலக் கவனிப்புகளிலும் கல்கத்தா சேர்ந்துகொண்டது.

பகலில் சத்தத்தை விழுங்கும் அடுக்கு

இப்போ முதல் கேள்விக்கு வரலாம். பகல்ல ஏன் வரல?

1935இல் மித்ராவும் அவர் மாணவர் சியாமும் நேச்சர் இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். ஈ அடுக்குக்கும் கீழே, தாழ்வான உயரத்தில், அலையை உறிஞ்சும் ஒரு அடுக்கு இருப்பதைப் பற்றியது அது. இன்று நாம் டி அடுக்கு என்று படிக்கிற பகுதி அங்கேதான் இருக்கிறது. சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரம்.

அங்கே நடப்பது இதுதான். பகலில் சூரியக் கதிர் பட்டுக் காற்று மூலக்கூறுகளில் இருந்து எலக்ட்ரான்கள் பிரிகின்றன. கீழிருந்து வரும் ரேடியோ அலை அந்த எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. மேல் அடுக்குகளில் காற்று ரொம்ப மெலிசு. எலக்ட்ரான் தடங்கல் இல்லாமல் ஆடி, வாங்கிய ஆற்றலை அலையாகவே திருப்பிக் கொடுக்கும். டி அடுக்கில் காற்று அவ்வளவு மெலிசு இல்லை. ஆடுகிற எலக்ட்ரான் பக்கத்து மூலக்கூறில் போய் மோதுகிறது. அலையின் ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. அதிர்வெண் குறையக் குறைய இந்த இழப்பு அதிகம். அதனால் சிற்றலை பகலிலும் எப்படியோ தப்பித்து மேலே போய்த் திரும்பிவிடும். மத்திய அலை மாட்டிக்கொள்ளும். பகலில் அதற்கு மிஞ்சுவது தரையோடு போகிற வழி மட்டும்.

பொழுது சாய்ந்ததும் டி அடுக்குக்கு எலக்ட்ரான் சப்ளை நின்றுபோகிறது. காற்று அடர்த்தி இருப்பதால் இருக்கிற எலக்ட்ரான்களும் சீக்கிரமே மூலக்கூறுகளோடு சேர்ந்துவிடுகின்றன. அடுக்கு கிட்டத்தட்ட காலி. ஆனால் அதற்கு மேலே ஈ, எஃப் அடுக்குகளில் எலக்ட்ரான்கள் ராத்திரியும் மிச்சம் இருக்கின்றன. நடுவில் இருந்த திரை விலகியதும் அலை நேராக அங்கே போய்ப் பட்டுத் திரும்புகிறது. நூறு கிலோமீட்டர் உயரத்தில் திரும்பும் அலை, எழுநூறு கிலோமீட்டர் தள்ளிக்கூடக் கீழே இறங்கும்.

சின்ன காஞ்சிபுரத்துத் தறிக்கூடத்துல பொழுது சாஞ்ச பிறகு தூரத்து மத்திய அலை நிலையம் தெளிஞ்சதுக்கு முழுக் காரணமும் இதுதான். அந்த நிலையத்துக்காரங்க ராத்திரி பவரைக் கூட்டல. தலைக்கு மேல ஒரு கதவு திறந்துச்சு. விடிஞ்சதும் மூடிக்கிச்சு.

புத்தகம்

1935இல் ராஷ்பிஹாரி கோஷ் பேராசிரியர் பதவி மித்ராவுக்கு வந்தது. ரேடியோ ஆராய்ச்சியைக் கவனிக்க இந்தியாவில் ஒரு அமைப்பு வேண்டும் என்று அவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். போர்க்காலத்தில், 1942இல், சிஎஸ்ஐஆர் ஒரு ரேடியோ ஆராய்ச்சிக் குழுவை அமைத்தது. தலைவர் மித்ரா.

அவர் தேடலில் சறுக்கலும் உண்டு. இரவு வானத்தின் மெல்லிய ஒளியையும், செயல்மிகு நைட்ரஜன் என்ற புதிரையும் விளக்க 1940களில் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். அது பிற்கால ஆராய்ச்சியில் நிற்கவில்லை. ஆனால் அதே தேடலில் வளிமண்டலத்தின் மேல்பகுதி பற்றி உலகம் முழுக்க வந்த கட்டுரைகளை ஒன்று விடாமல் படித்தார். அயனி மண்டலம், ஓசோன், துருவ ஒளி, காந்தப் புயல், எரிகற்கள் என்று எல்லாம் தனித்தனி ஆட்கள் கையில் சிதறிக் கிடந்தன. அதையெல்லாம் ஒரே புத்தகத்தில் கட்டினார். தி அப்பர் அட்மாஸ்ஃபியர் என்ற அந்தப் புத்தகத்தைக் கல்கத்தாவின் ஏசியாடிக் சொசைட்டி 1947இல் வெளியிட்டது.

கணிப்பொறி இல்லை, இணையம் இல்லை. போர் நடந்த வருஷங்களில் வெளிநாட்டு இதழ் கப்பலில் வந்தால் உண்டு. அந்த நிலையில் கல்கத்தாவில் உட்கார்ந்து எழுதின புத்தகம் உலகம் முழுக்க அந்தத் துறைக்கு அடிப்படை நூலானது. 1952இல் இரண்டாம் பதிப்பு. 1955இல் ரஷ்ய மொழியில் வந்தது. ரெண்டு வருஷம் கழித்து சோவியத் நாடு ஸ்புட்னிக்கை மேலே அனுப்பியது. மேலே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் கையில் அந்தப் புத்தகம் இருந்தது.

நம்ம டிபார்ட்மென்ட் வந்த வழி

எம்எஸ்சியில் ஒரு சிறப்புப் பாடமாக அவர் கொண்டுவந்தது, 1949இல் தனித் துறையாக வளர்ந்தது. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ரேடியோ இயற்பியல், எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அதுதான். இன்று நாடு முழுக்கப் பொறியியல் கல்லூரிகளில் ஈசிஇ இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் என்பது இயற்பியலின் ஓரத்தில் ஒட்டிய வால் இல்லை, தனியாகப் படிக்க வேண்டிய துறை என்று இந்தியப் பல்கலைக்கழகங்களில் முதலில் நின்று காட்டியவர்களில் மித்ரா முக்கியமானவர். கல்கத்தாவுக்கு வெளியே ஹரிங்காட்டாவில் அயனி மண்டலத்தைக் கவனிக்கத் தனி நிலையம் ஒன்றும் அமைத்தார். நகரத்து மின்சார இரைச்சல் இல்லாத இடம் அதற்கு வேண்டியிருந்தது.

1955இல் ஓய்வு. அதே வருஷம் இந்திய அறிவியல் காங்கிரஸின் தலைவர். ஓய்வு பெற்ற பேராசிரியர் பொதுவா என்ன செய்வார்? இவர் மேற்கு வங்க உயர்நிலைக் கல்வி வாரியத்தின் நிர்வாகியாகப் போனார். ஸ்கூல் பரீட்சை, பாடத்திட்டம், நிர்வாகம். வாத்தியார் வீட்டுப் பையன் திரும்ப ஸ்கூலுக்கே போன மாதிரி. 1958இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். 1962இல் பத்மபூஷண், தேசியப் பேராசிரியர் பதவி. 1963 ஆகஸ்ட் 13 அன்று காலமானார்.

அவருடைய மாணவர் ஏ. பி. மித்ரா டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் அதே அயனி மண்டல ஆராய்ச்சியைத் தொடர்ந்து, அவரும் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். நிலாவின் மறுபக்கத்தில் சுமார் 92 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு பள்ளத்துக்கு மித்ரா என்று பேர். 2019 ஆகஸ்டில் சந்திரயான்–2 எடுத்து அனுப்பிய படங்களில் அந்தப் பள்ளமும் இருந்தது.

இப்போ என்ன மிச்சம்?

பழைய ரேடியோவை நினைச்சு ஏங்குறவங்க பெரும்பாலும் பாட்டையும் அறிவிப்பாளர் குரலையும்தான் நினைக்கிறாங்க. அதெல்லாம் இப்போ யூடியூப்ல கிடைக்குது. கிடைக்காதது அந்த தூரம். ஒரு கோபுரம், ஒரு டிரான்ஸ்மிட்டர், பல நூறு கிலோமீட்டர். சென்னை நிலையத்தோட 720 கிலோஹெர்ட்ஸ் அலையை எடுத்துக்கங்க. அலைநீளம் சுமார் 417 மீட்டர். 200 கிலோவாட் பவர். அதை வாங்க நமக்குத் தேவை ஒரு ஃபெரைட் கம்பியும் ரெண்டு பேட்டரி செல்லும் மட்டும்தான். வாங்குறவன் மாசாமாசம் காசு கட்ட வேண்டாம். எத்தனை லட்சம் பேர் கேட்டாலும் நெட்வொர்க் திணறாது. 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில செல்ஃபோன் டவர்கள் செத்துப்போன நாட்களை யோசிச்சுப் பாருங்க. அந்த மாதிரி நேரத்துக்குன்னே இருக்கிற டெக்னாலஜி இது.

எதிர்ப்பக்கமும் நியாயம் இருக்கு. பெரிய ஏஎம் டிரான்ஸ்மிட்டர் கரண்ட்டைக் குடிக்கும். ஆன்டெனாவுக்கு நூறு மீட்டர் உயரக் கம்பமும், சுத்தி நிறைய நிலமும் வேணும். ஒலித்தரத்துல எஃப்எம் கிட்ட நிக்க முடியாது. கேட்கிற ஆளும் குறைஞ்சுட்டாங்க. ஆகாசவாணியோட பல ஏஎம் டிரான்ஸ்மிட்டர்கள் ஏற்கனவே மூடியாச்சு. சிற்றலை பெரும்பாலும் போயிடுச்சு. இது கணக்குப் போட்டு எடுத்த முடிவு. ஆனா அந்தக் கணக்குல வெள்ளத்துக்கும் புயலுக்கும் ஒரு வரி இருக்கணும். ஒரு தடவை கோபுரத்தைச் சாய்ச்சு நிலத்தை வித்துட்டா, தேவைப்படுற அன்னைக்குத் திருப்பிக் கட்ட முடியாது.

நம்ம பக்கம் செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. வீட்டுப் பரண்ல பழைய டிரான்சிஸ்டர் இருந்தா இறக்குங்க. செல் போட்டு, மாடிக்கு எடுத்துட்டுப் போங்க. எல்இடி பல்பு, செல்ஃபோன் சார்ஜர் எதுவும் பக்கத்துல வேண்டாம். அதுங்க போடுற இரைச்சல்ல சிக்னல் அமுங்கிடும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு டயலை ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் மெதுவா திருப்பி, எத்தனை நிலையம் கேட்குதுன்னு நோட்டுல எழுதுங்க. ஆறரைக்கு ஒரு தடவை, எட்டு மணிக்கு ஒரு தடவை அதையே செய்ங்க. தெலுங்கு, கன்னடம், சிங்களம் ஒண்ணொண்ணா உள்ள வர ஆரம்பிக்கும். எது எத்தனை மணிக்கு வந்தது, எப்போ அமுங்குச்சு, எப்போ எழுந்துச்சுன்னு குறிச்சு வைங்க. ஒரு மாசம் விடாம எழுதினா, நம்ம தலைக்கு மேல டி அடுக்கு எப்போ கலையுதுங்கிறதுக்கு உங்க கையாலயே எழுதின ரெக்கார்டு இருக்கும்.

கம்யூனிகேஷன் லேப்ல ஏஎம் கிட்டை வெச்சு சிஆர்ஓவுல அலையைப் பார்த்துட்டு, ரெக்கார்டுல கையெழுத்து வாங்கிட்டு வந்துடறோம். அந்த அலை வெளியில போனா என்ன ஆகும்ங்கிற பாதிக் கதை மாடியிலதான் இருக்கு. இன்னும் சில நிலையங்கள் ஒலிபரப்புல இருக்கிறப்பவே அதைப் பார்த்துடுங்க.